12 யூரோ மடக்குக் கத்தி: ஒப்பினெல் வாங்கி உங்கள் கைக்கு ஏற்ப ஆக்கிக்கொள்வது எப்படி

பிரான்சுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்மவர்கள், வந்த சில மாதங்களில் இந்தக் கத்தியை எங்காவது பார்த்துவிடுவார்கள். உருண்டையான மரப்பிடி, கழுத்தில் ஒரு இரும்பு வளையம், வேறு அலங்காரம் எதுவும் இல்லை. கூட வேலை செய்பவர் மதிய உணவில் சீஸ் வெட்ட எடுப்பார். மலையேறப் போனால் நாலு பேர் பையில் இருக்கும். சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல் இது. விலை குறைவு என்பதால், செதுக்கி, சாயம் ஏற்றி, பெயர் பொறித்துத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அதிகம்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. விசாரித்தால் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் எண்ணெயில் இரவு முழுக்க ஊறவைக்கச் சொன்னார், இன்னொருவர் ஓவன் அடுப்பில் காயவைக்கச் சொன்னார், மூன்றாமவர் எடுத்ததும் பிரித்துப் போடச் சொன்னார். எதை முதலில் செய்வது, எது தேவையே இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கத்தியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை எஃகால் வருவதில்லை, மரத்தால் வருகின்றன. பிடி பீச் மரம். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். மரத்தை முதலில் சரிக்கட்டிவிட்டு அழகுக்குப் போனால் வேலையும் செலவும் பாதியாகும்.

1. எந்த எண், எந்த எஃகு

ஒப்பினெல் எண் கணக்கில் வரும். எண் 5-இன் அலகு 6 செ.மீ., 6-இன் அலகு 7 செ.மீ., 7-க்கு 8, 8-க்கு 8.5, 9-க்கு 9, 10-க்கு 10. எண் 2 முதல் 5 வரை பூட்டு வளையம் கிடையாது, 6-இலிருந்துதான் வளையம். முதல் கத்தி எண் 8 ஆக இருக்கட்டும். சராசரிக் கைக்கு அதுதான் பொருந்தும், இழைப்பதற்கு மரமும் போதிய அளவு இருக்கும். சின்னக் கை என்றால் 7. எண் 10, 12 எல்லாம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பையில் வைத்துக்கொண்டு போலீசுக்குக் காரணம் சொல்வது கஷ்டம்.

எஃகு இரண்டு வகை. அலகிலேயே 'இனாக்ஸ்' என்று குத்தியிருந்தால் துருப்பிடிக்காத எஃகு. 'கார்பன்' என்றிருந்தால் பழைய வகைக் கார்பன் எஃகு. கார்பன் சட்டென்று கூராகும், சாணை பிடிப்பதும் சுலபம். ஆனால் ஈரத்தோடு விட்டால் மறுநாளே செம்புள்ளி விழும். எலுமிச்சை, மாங்காய், வெங்காயம் வெட்டினால் கறுக்கும். பழத்தில் இரும்பு வாடையும் லேசாக வரும். பழம் நறுக்க மட்டும் வேண்டும் என்றால் இனாக்ஸ் வாங்கிக்கொண்டு, கீழே சொல்லும் கருமை ஏற்றும் வேலையை மறந்துவிடுங்கள், அது இனாக்ஸில் பலிக்காது. மாற்றி விளையாட ஆசை என்றால் கார்பன்தான்.

2. எங்கே வாங்குவது, கையில் எதைப் பார்ப்பது

எண் 8 பொதுவாக 10 முதல் 15 யூரோவுக்குள் கிடைக்கும். கார்பன் கொஞ்சம் மலிவு. ஆலிவ், வால்நட் போன்ற மரப்பிடி என்றால் விலை இரண்டு மடங்குக்குப் போய்விடும். எப்படியும் இழைக்கப்போகிறீர்கள், பீச் மரமே போதும்.

இரும்புச் சாமான் கடை, பெரிய சூப்பர் மார்க்கெட், முகாம் சாமான் கடை, சிகரெட் விற்கும் தபாக் கடை என்று எல்லா இடத்திலும் இருக்கும். இணையத்தில் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவதையே சொல்வேன். மரம் என்பதால் ஒரே பெட்டியில் உள்ள இரண்டு கத்திகள்கூட ஒரே மாதிரி இருக்காது. கடைக்காரரிடம் கேட்டு மூன்று நான்கு எடுத்துத் திறந்து பாருங்கள். அலகு மூடும்போது பிடியின் பள்ளத்தில் நடுவாக இறங்க வேண்டும். ஒரு சுவரை உரசக் கூடாது. திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. மரத்தின் ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் இழைக்கும்போது வெடிக்கும் வாய்ப்பு உண்டு. வளையம் விரலால் சுழல வேண்டும், ஆனால் தானாகச் சுழலக் கூடாது.

கொஞ்சம் இறுக்கமாகத் திறப்பது குறை இல்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது. தளர்ந்து ஆடுவதற்கு வைத்தியம் குறைவு. இரண்டில் ஒன்று என்றால் இறுக்கமானதை எடுங்கள்.

இன்னொரு வழி, வசந்த காலம் தொடங்கி ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய சாமான் சந்தைகள். சில யூரோவுக்குப் பழைய ஒப்பினெல் கிடைக்கும். கைவேலை பழக அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் 2000-க்கு முன் செய்தவற்றில் வளையம் திறந்த நிலையில் மட்டும்தான் பூட்டும், மூடிய நிலையில் பூட்டாது. பையில் போடும்போது அது நினைவிருக்கட்டும். அலகில் கிரீடமும் கையும் கொண்ட முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், போலிகள் உண்டு.

ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அலகு ஆடுகிறது, வளையம் சுற்றவில்லை என்றால் கைவைப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். இழைத்த பிறகு எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

3. சட்டம்: இதைத் தாண்டிப் போக வேண்டாம்

'எல்லாரும்தான் பையில் வைத்திருக்கிறார்களே' என்று தோன்றும். பிரெஞ்சுச் சட்டத்தில் மடக்குக் கத்தி 'டி' பிரிவு ஆயுதமாகக் கொள்ளப்படலாம். வாங்கலாம், வீட்டில் வைத்திருக்கலாம். நியாயமான காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்வதுதான் குற்றம். அதிகபட்சத் தண்டனை ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும். நடைமுறையில் அந்த இடத்திலேயே 500 யூரோ அபராதம் எழுதுவதும் உண்டு. இது பார்க்கிங் அபராதம் மாதிரி அல்ல, குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்தது. விசா, தங்கும் அனுமதி புதுப்பிப்பு என்று எதற்காவது காத்திருப்பவர்கள் இதில் விளையாடவே கூடாது.

காரணம் நியாயமானதா என்பதை அங்கே நிற்கும் போலீஸ்காரர்தான் முதலில் முடிவு செய்வார். மலையேறப் போகும் பையில், ரொட்டியோடும் சீஸோடும் இருக்கும் கத்திக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு மெட்ரோவில் சட்டைப்பையில் இருக்கும் அதே கத்திக்குக் காரணமே கிடையாது. கேட்டால் 'தற்காப்புக்கு' என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அது காரணமாக ஏற்கப்படாது. கத்தியை ஆயுதமாக வைத்திருக்கிறேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அருங்காட்சியகம், ஈபிள் கோபுரம், நீதிமன்றம், விளையாட்டரங்கம் போகும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாசலில் வாங்கிவைத்தால் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

4. வேலை தொடங்குமுன் சாமான்கள்

120, 240, 400 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஒரு பாட்டில் ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி, கொஞ்சம் வாசலின். எல்லாம் சேர்த்து 20 யூரோவை ஒட்டி வரும், அடுத்த நாலைந்து கத்திக்கும் மிச்சமிருக்கும். கூர் தீட்ட 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று, அது தனியாக 25 யூரோ அளவில். முதல் நாளே வேண்டாம், புதுக் கத்தி கூராகவே வரும்.

டிரில், சுழலும் அரம், மரம் இழைக்கும் யந்திரம் எதுவும் தேவையில்லை. 12 யூரோ கத்திக்கு 100 யூரோ கருவி வாங்க வைக்கும் காணொளிகள் ஏராளம்.

முகக்கவசம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பீச், ஓக் போன்ற மரங்களின் தூள் மூக்குக்குக் கெடுதல், புற்றுநோய் வரை போகக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரு கத்திக்கு என்ன வந்துவிடும் என்று தோன்றும். ஒற்றை அறை ஸ்டூடியோவில் அந்தத் தூள் படுக்கை வரை போகும் என்பதையும் யோசியுங்கள். பால்கனியோ திறந்த ஜன்னல் ஓரமோ நல்லது.

5. முதலில் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள்

அலகு வரமாட்டேன் என்றால் நகத்தைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சவோய்க்காரர்கள் செய்யும் வித்தை ஒன்று உண்டு. வளையத்தைப் பூட்டு விடுபடும் நிலைக்குச் சுழற்றிக்கொண்டு, பிடியின் வால் முனையை மேசை விளிம்பில் 'டொக்' என்று ஒரு தட்டு. அலகு கொஞ்சம் வெளியே வரும், பிறகு விரலால் இழுத்துக்கொள்ளலாம். தட்டும்போது அலகு வெளிவரும் பக்கம் விரல் இருக்கக் கூடாது.

இது அவசரத்துக்கு. நிரந்தரத் தீர்வு வேறு.

கத்தி ஈரத்தில் இருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். கழுவியது, மழையில் நனைந்தது, குளியலறைப் பக்கம் வைத்தது என்றால் ஒரு வாரம் வறண்ட அறையில் அப்படியே விடுங்கள். ஹீட்டர் மேல் வைப்பதும் ஓவனில் வைப்பதும் மரத்தை வெடிக்க வைக்கும். பாதிப் பேர் இங்கேதான் கெடுக்கிறார்கள். வாரம் கழித்தும் இறுக்கமாகவே இருந்தால், மெல்லிய அட்டையில் 240 நம்பர் தாளைச் சுற்றி, அலகின் அடிப்பாகம் உரசும் மரச்சுவர்களை மட்டும் மெதுவாகத் தேயுங்கள். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். அப்புறம் தூளை ஊதிவிட்டு, பல் குத்தும் குச்சியால் அச்சுப் பகுதியில் கடுகளவு வாசலின் வையுங்கள்.

எப்போது நிறுத்துவது? விரலால் கொஞ்சம் வலுவாக இழுத்தால் திறக்கும் நிலையில் நிறுத்துங்கள். வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நவம்பரில் வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கினால் மரம் சுருங்கும். கோடையில் சரியாக இருந்த கத்தி அப்போது ஆடத் தொடங்கும். தேய்த்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. சென்னையோ யாழ்ப்பாணமோ கொண்டுபோவதாக இருந்தால் இதற்கு நேர்மாறு. கடற்கரைக் காற்றில் மரம் நன்றாக உப்பும், இங்கே தாராளமாகத் திறந்த கத்தி அங்கே போய்ச் சண்டித்தனம் செய்யும். அதனால் ஊருக்குப் பரிசாகக் கொடுக்கப்போகும் கத்தியை மட்டும் ஒரு சுற்று அதிகமாகத் தேய்க்கலாம்.

6. பிடியை இழைத்தல்

அலகை மூடி, வளையத்தைப் பூட்டி, வளையத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். திறந்த அலகோடு இழைக்கவே கூடாது.

120 தாளால் வார்னிஷ் போகும் வரை தேயுங்கள். மரத்தின் ரேகையோடு போக வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல், எண்ணெய் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். வார்னிஷ் போனதும் உருவத்தை மாற்றலாம். கைக்கு மிகவும் உதவும் மாற்றம், உருண்டைப் பக்கங்களைச் சற்றுத் தட்டையாக்குவது. பிடி சுழலாமல் உள்ளங்கையில் உட்காரும், மேசையில் வைத்தாலும் உருளாது. வாலில் உள்ள குமிழை வட்டமாக்கலாம், விரல் படும் இடத்தில் சின்னக் குழிவு கொடுக்கலாம். அரம் இருந்தால் பெரிய மாற்றத்தை அரத்தால் தொடங்கி உப்புத்தாளில் முடியுங்கள்.

இரண்டு இடத்தில் கைவைக்கக் கூடாது. ஒன்று, இரும்பு வளையத்துக்கு அடுத்த கழுத்து. அங்கே மரம் இரும்போடு சமமாக இருக்க வேண்டும், இழைத்தால் விளிம்பு துருத்தி விரலைக் கீறும். இரண்டு, அலகு இறங்கும் பள்ளத்தின் சுவர்கள். பள்ளத்தின் இருபுறமும் மூன்று மில்லிமீட்டராவது மரம் இருக்கட்டும். மெலிந்த சுவர் முதல் குளிர்காலத்திலேயே விரிசல் விடும்.

வடிவம் சரியென்று தோன்றியதும் 240, பிறகு 400. நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மரநார்கள் எழுந்து நிற்கும். அவற்றை 400-இல் தேய்த்துவிட்டால் பின்னால் தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு வராது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

7. சாயம், விருப்பம் இருந்தால்

சாயம் ஏற்றாமலே எண்ணெய் போட்டால் பீச் மரம் தேன் நிறத்துக்கு வரும். என் ரசனைக்கு அதுவே நன்றாக இருக்கிறது. ஆனால் கறுப்புப் பிடி வேண்டும் என்பவர்களுக்கு மலிவான வழி உண்டு. இரும்புக் கம்பளியை (பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார்) வினிகரில் போட்டு, மூடியை இறுக்காமல், ஓரிரு நாள் வையுங்கள். வரும் கரைசல், டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உள்ள மரத்தில் பட்டால் கறுக்கும். பீச் மரத்தில் டானின் குறைவு என்பதால் வெறுமனே பூசினால் அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும். முதலில் கடுங்கறுப்பாகக் கொதிக்கவைத்த தேயிலைத் தண்ணீரைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைப் பூசுங்கள். சில நிமிடத்தில் கறுக்கும்.

நம் வீட்டு மஞ்சளும் மரத்தைப் பிடிக்கும், முதல் வாரம் பிரமாதமாக இருக்கும். வெயில் பட்டால் வெளுத்துப்போகும், நேரம்தான் வீண்.

சாயம் முழுதாகக் காய ஒரு நாள் விடுங்கள். ஈர மரத்தின் மேல் எண்ணெய் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

8. எண்ணெய்: எது, எவ்வளவு

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மரத்தில் உலர்ந்து கெட்டியாகாது, கையில் பிசுக்காகவே இருக்கும். மற்ற இரண்டும் நாள்பட்டால் ஒட்டும், காறல் வாடையும் வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் கெட்டியாகிப் படலமாகும். டங் மர விதையில் எடுக்கும் டங் எண்ணெயும் அப்படியே. ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலர்த்தி சேர்த்த வகையும் உண்டு; உணவு வெட்டும் கத்திக்கு ஒன்றும் சேர்க்காத சுத்த எண்ணெயையே எடுங்கள், நாள் கூடினாலும் பரவாயில்லை.

துணியில் சில சொட்டு எடுத்துப் பிடி முழுக்கத் தேயுங்கள். கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயை ஒன்றுவிடாமல் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பசை மாதிரிப் படிந்து, தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகுதான் அடுத்த பூச்சு. நான்கு பூச்சு போதும். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு வாரமாவது சும்மா விடுங்கள். எல்லாம் சேர்த்துச் சில வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது பிறந்தநாள் பரிசு என்றால் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முழுக் கத்தியையும் எண்ணெயில் ஊறப்போடும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளே போன எண்ணெய் வாரக்கணக்கில் அச்சு வழியாகக் கசியும், அதில் தூசி ஒட்டி அலகு மறுபடியும் இறுகும்.

இனி இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும், மடிப்புக்குள் சூடு சேர்ந்து துணி தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தவில்லை, வீடுகள் எரிந்திருக்கின்றன. துணியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியே விரித்துப் போட்டு முழுதாக விறைக்கும் வரை காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

9. கார்பன் அலகுக்குக் கருமை ஏற்றுதல்

புது அலகு வெள்ளையாகப் பளபளக்கும், எளிதில் துருப்பிடிக்கும். முன்கூட்டியே சாம்பல் கறுப்புப் படலம் ஏற்றிவிட்டால் துருவின் வேகம் குறையும். துருவே வராது என்று இல்லை.

பாத்திரம் கழுவும் சோப்பால் அலகைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை பட்ட இடத்தில் படலம் பிடிக்காது. சூப்பர் மார்க்கெட் வெள்ளை வினிகர் 8 சதவீதமும் உண்டு, வீடு துடைக்கும் 14 சதவீதமும் உண்டு, 8 போதும். சூடாக்கி ஒரு உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அலகு மட்டும் முங்கும்படி கத்தியைத் திறந்து நிறுத்துங்கள். அச்சும் மரமும் நனையக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, வேண்டிய நிறம் வந்ததும் கழுவி, சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

ஒரே சீராக வேண்டாம், மேகம் மாதிரித் திட்டுத்திட்டாக வேண்டும் என்பவர்கள் பொதுவாகக் கடுகு விழுதைத் தடவுவார்கள். நம்மிடம் அதைவிட நல்லது இருக்கிறது: புளி. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் கிடைக்கும் கட்டிப் புளியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, விரலால் ஒற்றி ஒற்றி வையுங்கள். காய்வதற்கு முன் கழுவி, மறுபடியும் வேறு இடங்களில் ஒற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் அழகான திட்டுகள் விழும்.

அமிலம் கூர்முனையையும் கொஞ்சம் தின்னும். அதனால் கருமை ஏற்றிய பிறகுதான் சாணை, முன்பு அல்ல. சிவப்பாக, தொட்டால் தூளாக வருவது துரு. அதை எண்ணெயும் இரும்புக் கம்பளியும் கொண்டு உடனே தேய்த்து எடுத்துவிடுங்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம். வெங்காயம், ஆப்பிள், உருளைக்கிழங்கு என்று தினம் வெட்டி, தினம் துடைத்துவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே கறுத்துவிடும். அந்தக் கருமைக்குத்தான் உறுதி அதிகம்.

10. தமிழில் பெயர் பொறிக்க

இதில்தான் நான் அதிகம் அல்லாடினேன். லேசரில் பொறித்துத் தரும் கடைகள் 10 முதல் 20 யூரோ வரை வாங்குகிறார்கள். பிரெஞ்சு எழுத்து என்றால் பிரச்சினை இல்லை. தமிழ் எழுத்தை அவர்கள் மென்பொருளில் ஒட்டினால், 'கொ' என்பது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும், அல்லது நடுவில் புள்ளிவட்டம் வரும். பொறிப்பவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எனக்கு ஒரு கடையில் புள்ளிவட்டத்தோடேயே பொறித்துக் கொடுத்தார்கள், பணமும் திரும்பவில்லை.

எழுத்தாக அனுப்பாதீர்கள். உங்கள் கணினியில் பெயரை அடித்து, எழுத்துருவைக் கோடுகளாக மாற்றி, எஸ்விஜி (SVG) என்னும் கோட்டு வடிவக் கோப்பாகவோ தெளிவான கறுப்பு வெள்ளைப் படமாகவோ அனுப்புங்கள். பொறிப்பதற்கு முன் மாதிரிப் படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பின்பே சம்மதம் சொல்லுங்கள். தடித்த, வளைவு குறைந்த எழுத்துரு நல்லது. எண் 8 பிடியில் எழுத்து உயரம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் 'ண', 'ன' இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். உருண்டைப் பிடியில் ஓரத்து எழுத்துகள் மங்கும் என்பதால் பக்கத்தைத் தட்டையாக்கிய பின் கொடுங்கள். எண்ணெய்ப் பூச்சு அதற்கும் பிறகுதான்.

மரத்தைச் சுட்டு எழுதும் பேனா ஒன்று 20 யூரோ அளவில் கிடைக்கும். கையெழுத்து நன்றாக இருந்தால் அதுவே மேல். பென்சிலால் எழுதி, அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள். பழைய மரத்துண்டில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்வது நல்லது, மரத்தின் ரேகை பேனாவை இழுக்கும்.

11. பிரித்துப் போடுவது

முதல் கத்தியில் செய்யாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் பிரிக்கத் தேவையில்லை. சந்தையில் வாங்கிய பழைய கத்தி துருவேறி அச்சு இறுகிப் போயிருந்தால் மட்டும் யோசிக்கலாம். வெளி வளையத்தைச் சர்க்ளிப் பிளையரால் (வளையத்தை விரிக்கும் குறடு) விரித்து எடுக்க வேண்டும். அது தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அலகின் அச்சாணி இருபுறமும் அடித்துப் பரப்பிய ரிவிட். ஒரு பக்கத் தலையை அரத்தால் ராவி, ஆணித்துளைப்பானால் தட்டினால் வெளியே வரும். திரும்பப் பூட்டப் புது ஆணி வேண்டும்: வெர்னியர் அளவுகோலால் பழையதை அளந்து, அதே தடிமனில் பித்தளைக் கம்பி வாங்கி, வெட்டி, இருபுறமும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பரப்புங்கள். அதிகம் அடித்தால் அலகு அசையாது, குறைத்து அடித்தால் ஆடும்.

12. கூரும் பராமரிப்பும்

இதன் அலகு மெல்லியது, பக்கங்கள் லேசாகப் புடைத்திருக்கும். நனைத்த 1000 நம்பர் கல்லில், ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், அழுத்தாமல் தீட்டுங்கள். மறுபக்கம் நகத்தில் தட்டுப்படும் பிசிறு வந்ததும் பக்கம் மாற்றி, கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். கையால் இழுத்துத் தீட்டும் பிளாஸ்டிக் கருவிகள் இந்த மெல்லிய அலகைப் பல் பல்லாகக் கடித்துவிடும்.

பாத்திரம் கழுவும் யந்திரத்தில் ஒருபோதும் போட வேண்டாம். சிங்க்கில் ஊறவும் விட வேண்டாம். அலகை ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் மறுபடியும் துடைத்து, பள்ளத்துக்குள் உள்ள உணவுத் துணுக்கைக் குச்சியால் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்து மூடுங்கள். கார்பன் அலகுக்கு மெல்லியதாக மினரல் ஆயில். பிடிக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பூச்சு எண்ணெய் போதும்.

13. பயணம்

விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகவே முடியாது. செக்-இன் பெட்டியில், மூடிப் பூட்டி, துணியில் சுற்றி வையுங்கள். இந்திய ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. எண் 8 அதன் பாதிகூட இல்லை. ஆனாலும் தேர்தல் காலம், தடையுத்தரவு நேரம் என்றால் அங்கேயும் வெளியே எடுத்துத் திரிய வேண்டாம்.

லண்டனில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் கவனிக்க: பிரிட்டனில், பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு உட்பட்ட அலகுள்ள மடக்குக் கத்தியை மட்டும்தான் காரணம் கேட்காமல் பையில் வைத்துக்கொள்ள விடுவார்கள். ஒப்பினெலில் வளையம் இருந்தால் அது பூட்டுக் கத்தி, அலகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. எண் 8-ஐப் பாரிசிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே உள்ளவருக்குப் பரிசாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால், வளையம் இல்லாத எண் 5-ஐ இழைத்துக் கொடுங்கள். மேலே சொன்ன வேலைகள் எல்லாம் அதிலும் செய்யலாம், மரம் சின்னது என்பதால் பெயரை மட்டும் மூன்று நான்கு எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.